எல்ஆர்டி வீடா, எம்ஆர்டி வீடா?

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. கணவருக்குச் சிங்கப்பூரின் நகர மையமான ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை. உடனிருக்கும் மாமியாருக்கு முழங்கால் வலி. செங்காங்கில் எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்தை ஒட்டிய மறுவிற்பனை வீடு ஒன்று, யீஷூன் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். எதை வாங்கலாம்?
– வாசகி, ஆங் மோ கியோ

பதில்: கணவரின் பயணத்துக்கு யீஷூன்தான். வடக்கு-தெற்குப் பாதையில் ஏறினால் நேராக ராஃபிள்ஸ் பிளேஸ். செங்காங்கிலிருந்து எல்ஆர்டி, வடகிழக்குப் பாதை, டோபி காட் நிலையத்தில் இன்னொரு மாற்றம். கட்டணம் தொலைவைப் பொறுத்தது என்பதால் மாறுவதற்குத் தனிக்காசு இல்லை, நேரம்தான் போகும்.

விளம்பரத்தின் ‘ஐந்து நிமிட நடை’யை நம்பாதீர்கள். வேலைநாள் காலை 7.30 மணிக்கு, வீட்டு வாசலிலிருந்து ரயில் மேடைவரை நடந்து பாருங்கள். மின்தூக்கிக்குக் காத்திருப்பது, சாலை விளக்கில் நிற்பது, நிலையத்துக்குள் நடப்பது எல்லாம் கணக்கில் வரும். கூரையுள்ள நடைபாதை எங்கே அறுபடுகிறது என்பது மழையில் தெரிந்துவிடும்.

மாமியாருக்காக இன்னொரு நடை: ஈரச்சந்தைக்கும் பலதுறை மருந்தகத்துக்கும், அவர் வேகத்தில். பழைய புளோக்குகள் சிலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்பதில்லை. அப்படியென்றால் அந்த வீடு வேண்டாம், விலை எவ்வளவு குறைவானாலும் சரி.

வீட்டின் குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு எஞ்சியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை அது வராவிட்டால், வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய மசேநி (மத்திய சேம நிதி) பணம் குறையும். எல்லாவற்றையும் ஆப்ஷன் கட்டணம், அதாவது வீட்டை உங்களுக்கென ஒதுக்கிவைக்க விற்பவருக்குத் தரும் முன்பணம், கொடுக்குமுன் முடியுங்கள். 1,000 வெள்ளிவரை கேட்கப்படும் அந்தத் தொகை, மனம் மாறினால் திரும்பி வராது.