பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்திருந்த ஒரு கூடைப்பந்து வீரர் தலைசிறந்த பயிற்சியாளராக முடியுமா?

முடியும் என்பதற்கு ஸ்டீவ் கெர் ஒருவரே போதுமான சான்று. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. போட்டிகளில் பதினைந்து பருவங்கள் ஆடிய அவர், களமிறங்கிய 910 ஆட்டங்களில் தொடக்க ஐவருள் ஒருவராக இருந்தது 30 ஆட்டங்களில்தான். ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு புள்ளிகள் எடுத்தார். அதே மனிதர் வீரராக ஐந்து, பயிற்சியாளராக நான்கு என ஒன்பது சாம்பியன் பட்டங்கள் வென்றிருக்கிறார்.

இதை நான் விரிவாக எழுத முற்படுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. கல்லூரி அணியில் மூன்று ஆண்டுகள் நானும் மாற்று வீரனாகவே இருந்தேன். எந்த நிமிடமும் பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கக்கூடும் என்று ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, உடல் குளிர்ந்துவிடாமல் கணுக்காலைச் சுழற்றியபடி அமர்ந்திருப்பவனுக்கு, களத்தில் ஓடுகிறவனுக்குப் புலப்படாத பலவும் புலப்படும்: யார் களைத்துவிட்டான், யார் யாருக்குப் பந்தைக் கொடுக்கத் தயங்குகிறான், யாருடைய முகம் சுருங்கிவிட்டது என்பதெல்லாம். கெர் பயிற்சியாளரான பிறகு எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது, அந்த பெஞ்சில்தான் அவர் பாடம் படித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1965இல், பெய்ரூட்டில். தந்தை மால்கம் கெர் அரபு நாடுகளின் அரசியலை ஆராய்ந்த அறிஞர். லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1982இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். மகன் லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் படிப்பை முடித்தபோது, அவனைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய கல்லூரி அணிகள் எதுவும் முன்வரவில்லை. முந்தைய பருவத்தில் 4 வெற்றி, 24 தோல்வி என்று கிடந்த அரிசோனா பல்கலைக்கழக அணியைப் புதிதாக ஏற்றிருந்த லூட் ஓல்சன்தான் கடைசி நேரத்தில் இடம் கொடுத்தார். மகன் அங்கே முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 1984 ஜனவரி 18 அன்று, தன் அலுவலக வாசலில் மால்கம் கெர் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது வயது 18. நள்ளிரவு கடந்து விடுதிக்கு வந்த தொலைபேசி அழைப்பில் செய்தியைக் கேட்ட அவர், இரண்டு நாள் கழித்து அரிசோனா ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் களமிறங்கினார். ஆட்டத்துக்கு முன் தந்தைக்காக மௌன அஞ்சலி செலுத்தப்பட்டபோது அழுதார். பிறகு உள்ளே வந்து ஆடினார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1988 பிப்ரவரியில், அதே எதிரணியின் அரங்கில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆட்டத்துக்கு முன் பயிற்சி எறிதல்களில் ஈடுபட்டிருந்தவரைப் பார்த்து, பார்வையாளர்களில் சிலர் பாலஸ்தீன இயக்கத்தின் பெயரைக் கூவினார்கள். உன் அப்பா எங்கே என்று கத்தினார்கள். கை நடுங்கிப் பந்தைக் கீழே விட்டுவிட்டு பெஞ்சில் போய் அமர்ந்து கண்ணீர் விட்ட அவர், அன்று முதல் பாதியில் தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள் ஆறில் ஒன்றையும் தவறவிடவில்லை. அந்தப் பருவம் முழுவதிலும் அவருடைய மூன்று புள்ளி எறிதல்களில் 57.3 விழுக்காடு கூடைக்குள் விழுந்தன. இத்தனைக்கும், 1986இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் முழங்கால் பலமாக அடிபட்டு, அதற்கு முந்தைய பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தவர் அவர்.

என்.பி.ஏ. வீரர் தேர்வில் அவருக்குக் கிடைத்தது 50ஆவது இடம். ஃபீனிக்ஸ், கிளீவ்லாந்து, ஒர்லாண்டோ என்று மூன்று அணிகளைக் கடந்து 1993இல் சிகாகோ புல்ஸ் அணிக்கு வந்தார். அங்கே 1995 பயிற்சி முகாமில் மைக்கேல் ஜோர்டனோடு வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகி, ஜோர்டன் அவர் முகத்தில் குத்தினார். அன்றே தொலைபேசியில் மன்னிப்பும் கேட்டார். இருவருடைய தந்தையரும் கொலையுண்டவர்கள். அதைப் பற்றித் தாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை என்று கெர் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனாலும், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குப் பட்டம் தரும் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 1997இல், யூட்டா அணியோடு 86க்கு 86 என்று சமநிலையில் இருந்தபோது, ஜோர்டன் நம்பியது அவரைத்தான். டைம் அவுட்டில் ஜோர்டன் எச்சரித்தபடியே, யூட்டாவின் ஸ்டாக்டன் கெரை விட்டுவிட்டு ஜோர்டனை மறிக்க ஓடினார். தயாராக இருப்பேன் என்று சொல்லியிருந்த கெர், வந்த பந்தை வாங்கி அதே அசைவில் எறிந்தார். ஐந்து வினாடிகளே மிச்சமிருந்தன. பட்டம் சிகாகோவுக்கு.

என் பார்வையில் அதைவிடப் பெரிய ஆட்டம் 2003இல் நடந்தது. சான் அன்டோனியோ அணியில், ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த கெர், அந்த ஆண்டு பிளே-ஆஃப் எனப்படும் பட்டத்துக்கான சுற்று ஆட்டங்களில் பெஞ்சை விட்டு எழுந்ததே அரிது. டாலஸில் நடந்த ஆறாவது ஆட்டத்தில் அணியின் முக்கிய வீரர் டோனி பார்க்கருக்கு உடல்நலம் சரியில்லாமல் போகவே, அணி பின்தங்கியிருந்த நிலையில் பயிற்சியாளர் கிரெக் பாபவிச் கெரை இறக்கினார். நான்கு மூன்று புள்ளி எறிதல்கள், நான்கும் கூடைக்குள். டாலஸுக்கு எதிரான தொடரை அணி அங்கேயே வென்று முடித்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த 37 வயது உடலை அப்படி ஆயத்தமாக வைத்திருப்பதற்கு எவ்வளவு தனிமையான உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்பதை, ஒருமுறையேனும் பெஞ்சில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். 45.4 விழுக்காடு என்ற அவருடைய மூன்று புள்ளிச் சராசரி என்.பி.ஏ. வரலாற்றின் மிக உயர்ந்தது.

பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளராகவும், ஃபீனிக்ஸ் அணியின் பொது மேலாளராகவும் இருந்துவிட்டு, 2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் பயிற்சியளித்ததில்லை. நட்சத்திர வீரர் ஸ்டெஃபன் கரி இருந்தும், முந்தைய பருவத்தில் என்.பி.ஏ.வில் ஆட்டத்துக்கு மிகக் குறைவாகப் பந்தைக் கைமாற்றிய அணி அதுதான். ஆட்டத்துக்கு 300 முறை பந்து கைமாற வேண்டும் என்று கெர் இலக்கு வைத்தார். சிகாகோவில் தன் பயிற்சியாளராக இருந்த ஃபில் ஜாக்சனிடம் கற்ற முக்கோண ஆட்டமுறையையும் பாபவிச்சிடம் கற்ற வேகமான பந்துப் பகிர்வையும் கலந்து, ஐவரும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் ஆட்டமாக அதை மாற்றினார். எல்லோருடைய கையிலும் பந்து பட்டால்தான் எல்லோரும் ஆட்டத்துக்குள் இருப்பார்கள் என்பது, பந்துக்காகக் காத்திருந்தவர் அறிந்த உண்மை.

அதுவரை ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இருந்த ஆண்ட்ரே இகுடாலாவை அவர் பெஞ்சுக்கு அனுப்பினார், இகுடாலா ஏற்றுக்கொண்டார். 2015 இறுதித் தொடரில் கிளீவ்லாந்து 2க்கு 1 என முன்னிலை பெற்றபோது, உயரமான நடுக்கள வீரர் போகட்டுக்குப் பதிலாக இகுடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கலாம் என்ற யோசனையைப் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்துச் சொன்னவர் நிக் யூரன் என்ற இளம் உதவியாளர். நள்ளிரவில் வந்த யோசனையைக் கெர் ஏற்றார். வாரியர்ஸ் அந்த ஆட்டத்தை 103க்கு 82 என வென்றது, பட்டத்தையும் வென்றது. தொடரின் சிறந்த வீரராக இகுடாலா தேர்வானார். கெர் செய்தியாளர்களிடம் அந்த இளைஞரின் பெயரைச் சொல்லிப் பெருமையை அவருக்கே கொடுத்தார். அந்தச் செயலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்த பருவத்தில் முதுகு அறுவைச் சிகிச்சையின் பின்விளைவுகளால் முதல் 43 ஆட்டங்களுக்கு அவரால் வர முடியவில்லை. உதவிப் பயிற்சியாளர் லூக் வால்டனின் பொறுப்பில் அணி 39 ஆட்டங்களை வென்றது, என்.பி.ஏ. விதிப்படி அவை கெரின் கணக்கில் சேர்ந்தன. பருவ முடிவில் 73 வெற்றி, 9 தோல்வி என்ற சாதனை அமைந்தாலும், இறுதித் தொடரில் 3க்கு 1 என்ற முன்னிலையை இழந்து தோற்றார்கள். 2017, 2018, 2022 ஆண்டுகளில் மீண்டும் பட்டம் வந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவர் தங்கம் வென்றபோதும், செர்பியாவுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் ஜேசன் டேட்டமை ஒரு நிமிடம்கூட இறக்காததற்காகக் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானார். அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். சில வாரங்களுக்கு முன்புதான் பாஸ்டன் அணிக்காக ஆடி என்.பி.ஏ. பட்டம் வென்றிருந்தார் டேட்டம். முதல் செர்பிய ஆட்டம் முடிந்ததும், அவரை ஆடவைக்காதது தனக்கே முட்டாள்தனமாகத் தோன்றுகிறது என்று கெர் வெளிப்படையாகச் சொன்னார். தெற்கு சூடானுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் டேட்டமைத் தொடக்க ஐவரில் ஒருவராக இறக்கினார்.