லாரி ஓனர் தரும் மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தங்கையின் கணவர் கொத்தனார். நாள் கூலி 900 ரூபாய், மாதம் 20 நாள் வேலை இருக்கும். நான்கு மாதங்களுக்கு முன் தாம்பரம் பக்கம் வேலை முடித்து பைக்கில் திரும்பும்போது பின்னால் வந்த டாரஸ் லாரி மோதி, இடுப்பில் சக்கரம் ஏறி இறந்துவிட்டார். பள்ளி டி.சி.படி வயது 35, ஆதாரில் 36. தங்கைக்கு 7, 4 வயதில் இரண்டு பிள்ளைகள். மாமியாரும் இவளோடுதான் இருக்கிறார். பிணவறை வாசலிலேயே ஒருவர் வந்து, வக்கீல் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி வக்காலத்திலும் இரண்டு வெற்றுப் பேப்பரிலும் கையெழுத்து வாங்கிப் போனார். வரும் பணத்தில் 30 சதவீதம் அவர்களுக்காம். இப்போது லாரி ஓனரின் ஆள் வந்து, "உங்க மாப்பிள்ளைக்கு லைசென்ஸும் இல்ல, ஹெல்மெட்டும் இல்ல, கோர்ட்டுக்குப் போனா ஒண்ணும் தேறாது. 3 லட்சம் தர்றோம், ஸ்டாம்பு பேப்பர்ல எழுதிக் கொடுங்க" என்கிறார். என்ன செய்வது? – ஒரு வாசகர், திண்டிவனம் வட்டம்.

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். ஏன் என்பதற்குக் கணக்கையே முதலில் போட்டுக் காட்டுகிறேன். மூன்று லட்சம் பெரிய தொகையாகத் தெரிவது கணக்குத் தெரியாதவரைக்கும்தான்.

மாத வருமானம் 18,000. இறந்தவர் 40 வயதுக்கு உட்பட்ட, நிரந்தர வேலை இல்லாதவர் என்றால், வருங்காலத்தில் கூலி உயர்ந்திருக்கும் என்பதற்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரனய் சேத்தி வழக்கில் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆக 25,200. அவரை நம்பியிருந்தவர்கள் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என நான்கு பேர். அதனால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சம் 18,900, வருடத்துக்கு 2,26,800. இதை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்குவார்கள். கோர்ட்டில் 'மல்டிப்ளையர்' என்பது இதைத்தான். சரளா வர்மா வழக்கில் 2009-ல் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை 16. பெருக்கினால் 36,28,800 ரூபாய். மனைவி, பிள்ளைகள், தாயார் ஆகியோர் துணையையும் அரவணைப்பையும் இழந்ததற்கு ஆளுக்கு 48,400. ஈமச் சடங்குக்கு 18,150. சொத்து இழப்புக்கு 18,150. எல்லாம் சேர்த்து 38,58,700 ரூபாய். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி தனி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் தருகிறார்கள்.

இது நீங்கள் சொன்ன வருமானத்தை, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அப்படியே ஏற்றால் வரும் தொகை. சான்று இல்லாமல் 12,000 என்று குறைத்து வைத்தால் 36 லட்சமாக இருந்த பகுதி 24,19,200 ஆகிவிடும். மாதத்துக்கு 6,000 ரூபாயை நிரூபிக்க முடியாததற்கு விலை 12 லட்சம். வயதும் அப்படியே. ஆதாரில் உள்ள 36-ஐ எடுத்தால் பெருக்குவது 15-ஆல்தான். 2,26,800 ரூபாய் போய்விடும். நம் கிராமங்களில் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது சகஜம். ஆதார் அடையாளச் சான்றுதான், பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கிலேயே சொல்லி, பள்ளிச் சான்றிதழில் இருந்த வயதை ஏற்றது. எனவே டி.சி. ஒரிஜினலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் அவர் படித்த பள்ளியில் இன்றே நகலுக்கு எழுதிக் கொடுங்கள்.

இப்போது காலக்கெடு. 1.4.2022 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் மனு போட வேண்டும். அந்த விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இருந்தாலும் இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். விபத்து செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்ததென்று அங்கே அலைய வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்திலேயே போடுங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வாங்கிப் போனவர்கள் ஏற்கெனவே எங்காவது மனுப் போட்டிருக்கலாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் செங்கல்பட்டு, சென்னை, விழுப்புரம் மூன்றிலும் தங்கையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது விபத்து இழப்பீட்டு மனுவின் எண், கிடைத்தால் இரண்டாவது மனு போடவே கூடாது. ஒரே விபத்துக்கு இரண்டு மனு இருப்பது இன்சூரன்ஸ் தரப்புக்குத் தெரிந்தால் மோசடி என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வழக்கிலேயே வக்கீலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மாற்றுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. வக்காலத்தை ரத்து செய்வதாகவும், வெற்றுத் தாள்களைத் திருப்பித் தரும்படியும், அவற்றில் எது எழுதப்பட்டாலும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றும் தங்கையின் பெயரில் பதிவுத் தபால் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. "ஃபீஸ் கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன்" என்று சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை. கட்சிக்காரரின் கட்டைக் கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது. 30 சதவீதப் பேச்சும் செல்லாது. வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் அதை இப்போது முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம்? சட்ட உதவி பெறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தங்கை எழுதிக் கொடுத்தால் வக்கீலும் கிடைப்பார், கோர்ட் கட்டணமும் இருக்காது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். தனியார் வக்கீலிடம் போவதாக இருந்தால் கட்டணத்தை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள்.

இனி போலீஸ் காகிதங்கள். இந்த மாதிரி வழக்கு தோற்கிறது என்றால் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆரின் கதைப் பகுதியில்தான் தோற்கிறது. புகார் கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். வீட்டார் ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டிருக்கும்போது லாரித் தரப்பே ஸ்டேஷனுக்குப் போய், "பைக் தானாகச் சறுக்கி லாரிக்கு அடியில் விழுந்தது" என்று எழுதிக் கொடுப்பது உண்டு. அப்படி இருந்தால் தவறு முழுக்க உங்கள் மாப்பிள்ளை மேல் போய்விடும். பாரதிய நியாய சம்ஹிதா 281 (தாறுமாறாக ஓட்டியது), 106(1) (கவனக்குறைவால் மரணம் விளைவித்தது) பிரிவுகளில் லாரி டிரைவர் மேல் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேரில் பார்த்தவரின் வாக்குமூலத்தோடு எஸ்.பி. அல்லது கமிஷனரிடம் மனு; அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம். சாலையோரப் பெட்ரோல் பங்க், கடைகளில் சி.சி.டி.வி. இருந்தால் போய்க் கேளுங்கள். நான்கு மாதத்தில் அழிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் போலீஸ் முன்பே எடுத்து வைத்திருக்கலாம்.

வாங்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தின் வரைபடம்), பார்வை மகசர் (அந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), எம்.வி.ஐ. ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிகளைப் பார்த்துத் தரும் அறிக்கை), ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), போஸ்ட்மார்ட்டம் சான்று, குற்றப்பத்திரிகை, லாரியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்கள். பலவற்றைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம். விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் விதி. உங்களுக்கு 90 நாள் தாண்டிவிட்டதால் விரிவான அறிக்கையின் நகலையும் கேளுங்கள். ரஃப் ஸ்கெட்சைச் சும்மா வாங்கி வைக்காமல் உட்கார்ந்து படியுங்கள். பைக் கிடந்த இடம் சாலையின் இடது ஓரமா நடுவிலா, லாரியின் பிரேக் தடம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் லாரிக்கு முன் பம்பரில் அடி, பைக்குக்குப் பின்பக்கம் நசுங்கல் என்று இருந்தால், பின்னால் வந்து மோதியதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதற்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம். தாயாரை மனுவில் சேர்க்க மறக்காதீர்கள். அவரை விட்டுவிட்டால் நம்பியிருந்தவர்கள் மூன்று பேராகி, கழிவு மூன்றில் ஒரு பங்காகிவிடும்; ஏறக்குறைய 4 லட்சம் குறையும். மாமியார் மருமகள் சண்டையில் இந்தத் தவறு நடக்கிறது.

ஹெல்மெட், லைசென்ஸ் விஷயம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது சட்டப்படி குற்றம்தான். ஆனால் அந்த ஒன்றால் மட்டும் விபத்துக்கு அவரும் காரணம் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. விதியை மீறியதற்கும் விபத்துக்கும், அல்லது மீறியதற்கும் காயத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். தலைக்காயத்தில் இறந்திருந்தால் ஹெல்மெட் இல்லாததற்கு ஒரு சிறு சதவீதம் பிடிப்பது உண்டு. இவர் இறந்ததோ இடுப்பில் சக்கரம் ஏறி. போஸ்ட்மார்ட்டம் சான்றில் மரணக் காரணம் அப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹெல்மெட் வாதத்துக்கு வேலையே இல்லை. மதுவாடை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்து, இருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வருமானத்துக்கு என்ன காட்டுவது? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் கொத்தனார் என்பதற்கு அது போதும். கூலிக்கு மேஸ்திரியின் நோட்டு. பெயர், நாள், 'முழு', 'அரை', அட்வான்ஸ் என்று பென்சிலில் கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரிஜினல்தான் வேண்டும். புதிதாக எழுதி வாங்கிய லெட்டர்பேட் சான்றிதழைக் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்கள். மேஸ்திரி கூண்டேறிச் சொல்லவும் வேண்டும். அவர் போனிலிருந்து ஜி.பே.யில் கூலி வந்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட் ஒரு வருடத்துக்கு எடுங்கள்.

அந்த பாஸ்புக்கைப் புரட்டும்போது மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. 2 லட்சம் உண்டு. வங்கிக் கிளையில் உடனே மனுக் கொடுங்கள். நல வாரியத்தின் விபத்து உதவிக்கும் தனியாக விண்ணப்பியுங்கள்.

கூண்டில் தங்கைதான் முதல் சாட்சி. இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கும் கேள்விகள் வெகு சாதாரணமானவை: "விபத்தை நீங்க நேரில் பார்த்தீங்களா?", "மாசம் எத்தனை நாள் வேலைக்குப் போவார்?", "மழைக்காலத்தில் வேலை இருக்குமா?" பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும், அதற்குத்தான் நேர்சாட்சி தனியே வருகிறார். புருஷன் தினமும் வேலைக்குப் போனார் என்று பாசத்தில் சொல்லிவிட்டால், மனுவில் எழுதிய 20 நாள் பொய்யாகிவிடும். மனுவிலும் 50,000 வருமானம் என்று ஏற்றி எழுத விடாதீர்கள். பொய்யான ஒரு எண்ணால் உண்மையான நான்கு எண்ணும் சந்தேகத்துக்குள் போகும்.

லாரி டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்கப் பார்க்கலாம். அந்த நிலையிலும் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடும் வழக்கம் உண்டு. இன்சூரன்ஸே இல்லாத லாரி என்றால் மட்டும் நிலைமை வேறு. அப்போது போலீஸ் பிடியிலிருந்து லாரியை விடுவிக்குமுன் ஓனரிடம் ஜாமீன் தொகை கேட்டு உடனே நகர வேண்டும்.

இந்த இடத்தில்தான் 3 லட்சத்தின் கணக்குப் புரியும். இழப்பீட்டைக் கட்டப்போவது இன்சூரன்ஸ் என்றால் ஓனர் ஏன் தருகிறார்? கிரிமினல் வழக்குக்காக இருக்கலாம், இன்சூரன்ஸ் காலாவதி ஆகியிருக்கலாம். பாலிசி நகலைப் பார்த்தால் தெரிந்துவிடும். 106(1) சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமும் அல்ல. தங்கை எழுதிக் கொடுக்கும் பேப்பரால் அந்த வழக்கு தானாக முடியாது. நாளைக்குத் தீர்ப்பாயத்தில் அவளுக்கு எதிராக நீட்டத்தான் அது பயன்படும். 'தவறு நிரூபிக்கவே வேண்டாம், 164-வது பிரிவில் 5 லட்சம் உடனே' என்று வேறு யாராவது வந்தாலும் அவசரப்பட வேண்டாம். அதை வாங்கிக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும்.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசம் பேசுவதில் தப்பில்லை, பணம் சீக்கிரம் வரும். ஆனால் மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பணம் வரும்போது தங்கையின் வங்கிக் கணக்குக்கே நேராக வரவேண்டும். பிள்ளைகளின் பங்கை அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை வங்கியில் டெபாசிட் போடச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு வாங்குங்கள். 18 முடிந்ததும் அந்தப் பணம் தானாக வீடு தேடி வராது, பிள்ளை மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சின்னவனுக்கு அதற்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது. எம்.சி.ஓ.பி. நம்பரையும் டெபாசிட் ரசீது நகலையும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.