பெட்டியில் 3000 என்று போட்டிருக்கிறதே, எவ்வளவு நேரம் வரும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கடைக்குக் கைப்பேசியோடு வருகிறவர்கள் பாதிப் பேர் பையிலிருந்து வேப்பையும், அதாவது மின்சிகரெட்டையும் எடுத்து நீட்டுகிறார்கள். நான் அதை விற்பதும் இல்லை, இழுப்பதும் இல்லை. பேட்டரி பற்றிக் கேட்டால் மட்டும் சொல்வேன். பெட்டியில் போட்டிருக்கும் 3000 எல்லாம் எம்.ஏ.எச்., அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு. சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில்.

செம்பனை லோரி ஓட்டும் தம்பி: என்னுடையது பாட் எனும் சின்ன வேப், 650 எம்.ஏ.எச். கூட்டாளியுடையது மோட் எனும் பெரிய வேப், 3000. ஆனால் அவனுடையதுதான் முதலில் தீருகிறது. போலி பேட்டரியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை தம்பி. தோட்டத்தில் மருந்து அடிக்கிற பம்பை நினைத்துப் பார். முதுகில் 16 லிட்டர் இருக்கிறது. எத்தனை நிரை வரும் என்பதைத் தொட்டி மட்டுமா முடிவு செய்கிறது? நோசல் வாய் பெரிதாக இருந்தால் நாலாவது நிரையிலேயே காலி. எம்.ஏ.எச். என்பது தொட்டி. வாட் என்பது நோசல்.

கணக்கும் சுலபம்தான். எம்.ஏ.எச்.சை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். உன்னுடையது 2.4 வாட்-மணி. உள்ளே இருக்கும் சர்க்கியூட் சூடாகவே பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று வை. மிச்சம் 2.16. நீ 12 வாட்டில் இழுக்கிறாய் என்றால் காயில் (சூடாகும் கம்பிச்சுருள்) எரிகிற நேரம் மொத்தம் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் இழுப்புக்கு 3 விநாடி என்றால் 216 இழுப்பு.

கூட்டாளியுடையது 11.1 வாட்-மணி, கழிவு போக 10. அவன் 70 வாட்டில் புகை மண்டலம் விடுகிறான். எட்டரை நிமிடம், 170 இழுப்பு. அதுவும் காகிதத்தில்தான் வரும். 70 வாட்டுக்குப் பேட்டரியிலிருந்து 19 ஆம்பியர் மின்னோட்டம் போக வேண்டும், சார்ஜ் இறங்க இறங்க இன்னும் அதிகம். அந்தப் பாரத்தில் வோல்ட் தாழ்ந்துபோய், உள்ளே சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே கருவி 'பேட்டரி இல்லை' என்று நின்றுவிடும். 15 வாட்டுக்கு இறக்கச் சொல், அதற்கேற்ற காயிலும் போட வேண்டும். அப்போது 40 நிமிடம் எரியும், 800 இழுப்பு வரும்.

பட்டறையில் வேலை செய்பவர்: இணையத்தில் 18650 பேட்டரி, 9900 எம்.ஏ.எச்., விலை 8 வெள்ளி. வாங்கலாமா அண்ணே?

வேண்டாம். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்தக் குழாய்க்குள் நல்ல கம்பெனிக்காரர்களாலேயே 3500 சுற்றுவட்டாரத்துக்கு மேல் அடைக்க முடியவில்லை. 9900 எங்கிருந்து வரும்? ஒருவர் கொண்டு வந்ததைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தோம். நல்ல பேட்டரி 45 கிராம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். அது 30-ஐத் தொடவில்லை. நகைக்கடைக்காரர் "கவரிங்" என்றார்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எம்.ஏ.எச். கூடினால் ஆம்பியர் குறைவது வழக்கம். சாம்சுங் 25ஆர் 2500 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர் தாங்கும். அதே கம்பெனியின் 30கியூ 3000, ஆனால் 15 ஆம்பியர்தான். மேலே சொன்ன 70 வாட் கூட்டாளி 30கியூ போட்டிருந்தால் தாங்குகிற அளவைத் தாண்டி இழுக்கிறான் என்று அர்த்தம். அவனுக்கு 3000-ஐவிட 2500தான் பொருத்தம். அதிக நேரமும் வேண்டும், அதிக வாட்டும் வேண்டும் என்றால் 21700 என்ற பெரிய பேட்டரி போடும் கருவி பார்க்கலாம். 4000 முதல் 5000 எம்.ஏ.எச். வரை உண்டு. பாக்கெட்டில்தான் கனக்கும்.

கடைப் பையன்: தீர்ந்தால் தூக்கி எறியும் வேப்பின் பெட்டியில் 10,000 இழுப்பு என்று இருக்கிறது. சார்ஜ் போடத் துளையும் இருக்கிறது. ஏன்?

அந்த 10,000 உள்ளே இருக்கும் திரவத்தை வைத்துச் சொல்கிற கணக்கு, அதுவும் குட்டி குட்டி இழுப்பாக. பேட்டரி பெரும்பாலும் 500, 650தான். ஒரு சார்ஜுக்கு 300 இழுப்பு என்றாலும் முப்பது தடவைக்கு மேல் சார்ஜ் போட வேண்டும். அதற்குத்தான் துளை.

மண்டோர் அண்ணன் ஒருவர்: இரண்டு பேட்டரி போட்டால் இரண்டு மடங்கு நேரமா?

ஒரே வாட்டில் இழுத்தால் ஆமாம் அண்ணே. ஒன்றின் பின் ஒன்றாக இணைத்தால் வோல்ட் கூடும், பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் எம்.ஏ.எச். கூடும். இரண்டிலும் வாட்-மணி ஒன்றுதான். ஆனால் இரண்டையும் ஒன்றாக வாங்கி ஒன்றாகவே சார்ஜ் போட்டுப் பழகுங்கள். புதுசையும் பழசையும் கலந்தால் பழசுதான் முதலில் சாகும், சில சமயம் சூடேறி.

பால் வெட்டும் அக்காவின் மகன்: ஆறு மாதத்திலேயே பாதி நேரம்தான் வருகிறது.

எங்கே வைக்கிறாய்? மோட்டார் சீட்டுக்கு அடியிலா, வெயிலில் நிற்கிற காடியிலா? முழுச் சார்ஜோடு வெயிலில் கிடந்தால் லித்தியம் சீக்கிரம் கிழடு தட்டும். நல்ல பேட்டரியே 300 முதல் 500 சார்ஜுக்குள் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தினம் இரண்டு தடவை போட்டால் ஆறு மாதத்தில் 360 ஆகிவிட்டதே. மேலுறை கிழிந்திருந்தால் இன்றைக்கே மாற்று. தனிப் பேட்டரியைச் சில்லறையோடும் சாவியோடும் பாக்கெட்டில் போடாதே, தொடையில் வெந்துவிடும்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்: எத்தனை எம்.ஏ.எச். வரை கொண்டு போகலாம்?

பூஜ்யம். அங்கே கையில் வைத்திருந்தாலே குற்றம். மற்ற ஊருக்கு விமானத்தில் போனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

ஓர் அக்கா: படிவம் மூன்று படிக்கும் மகனின் பையில் ஒன்று கிடைத்தது. 400 எம்.ஏ.எச். சின்னதுதானே, பரவாயில்லையா?

அக்கா, பேட்டரி சின்னது என்பதால் நிக்கோட்டின் குறையாது. சின்னக் கருவிகளில்தான் கெட்டியான நிக்கோட்டின் உப்புத் திரவம் ஊற்றுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பது 2024 அக்டோபர் 1 முதல் நம் நாட்டுப் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமான 852-இன்படி குற்றம். பையனை அடிக்காமல், எந்தக் கடையில் வாங்கினான் என்று முதலில் கேளுங்கள்.

லயத்துப் பெரியவர்: செத்த பேட்டரியைக் குப்பையோடு கொளுத்தலாமா?

ஐயோ ஐயா, நெருப்பில் போட்டால் வெடிக்கும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேரனிடம் கடைக்குக் கொடுத்து விடுங்கள். மேசைக்கு அடியில் அதற்கென்று மணல் போட்ட மிலோ டின் ஒன்று வைத்திருக்கிறேன்.