பழைய காருக்குப் புது சுகம்: வாசகர் கேள்விகள்

என் பத்மினி டிராஃபிக்கில் நின்றால் அணைந்துவிடுகிறது. எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டலாமா? (கோவை வாசகர்)

மாட்டலாம். அதற்கு முன் ஒரு சோதனை. அணைந்ததும் பழைய பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஸ்டார்ட் ஆனால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று பொருள். ஆகவில்லையென்றால் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். புது பம்பை டேங்க் பக்கம், எஞ்சின் சூடு படாத இடத்தில் வையுங்கள். ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். கழற்றிய பம்பை எடைக்குப் போடாதீர்கள்.

அம்பாசடர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கிறது. பவர் ஸ்டீயரிங் வைக்க எவ்வளவு ஆகும்? (திண்டுக்கல் வாசகர்)

அகலமான டயர் போட்டதைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்கிறீர்களே, கனம் அங்கிருந்துதான் வருகிறது. 5.90-15 டயருக்காகச் செய்த வண்டி அது. பழைய அளவை ஒட்டிய ரேடியல் போடுங்கள், நான்கும் ஒரே ஜாதியாக. முன்பக்கத்தில் கிரீஸ் அடிக்கும் சின்ன முனைகளான நிப்பிள்களில் மண் அடைத்திருக்கும். ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, ஜாக்கியில் தூக்கி, கருப்பு கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். அப்புறமும் கனத்தால் எழுதுங்கள்.

பழைய காரில் ஏசி வைக்கலாமா? (பெயர், ஊர் இல்லை)

எந்தக் கார்? எந்த வருடம்? டைனமோவா, ஆல்டர்னேட்டரா? ராசி நட்சத்திரம் சொல்லாமல் பலன் கேட்டால் எப்படி? பத்மினி என்றால், 40 குதிரைச் சக்தியில் மூன்று நான்கை கம்ப்ரஸர் பிடுங்கிக்கொள்ளும். டைனமோ வண்டி என்றால் மின்சாரமே போதாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

மார்க் 2 அம்பாசடரில் இசுசு 1.8 எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் போடப்போகிறேன். ஹைவேயில் 100 போகுமா? (சேலம் வாசகர்)

போகும். நிற்குமா?

இரண்டு பக்கக் கடிதத்தில் பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாதம் நாலு கடிதம் இப்படித்தான் வருகிறது. ஐம்பது குதிரைக்கான டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு எழுபத்தைந்தை ஓட்டப் பார்க்கிறீர்கள். அதிலும், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போச்சு. இதே மாதிரி எஞ்சின் மாற்றிய வண்டி ஒன்றை வாங்கி ஏற்காடு மலையில் இறக்கியவன் நான். பாதி வழியில் பெடல் தரையைத் தொட்டது. செகண்ட் கியரும் ஹேண்ட்பிரேக்கும்தான் காப்பாற்றின.

டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றியாக வேண்டும். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர், பிற்கால அம்பாசடரின் முன் டிஸ்க் முழு செட், இவை முதலில். எஞ்சின் பிறகு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் ஏறாத எஞ்சினோடு விபத்தானால் இன்சூரன்ஸில் இழுபறிதான். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் தரும் விண்டேஜ் பதிவும், எஞ்சினை மாற்றினால் கிடைப்பது கஷ்டம். பழைய எஞ்சினை, திரும்பவும் சொல்கிறேன், எடைக்குப் போடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முன் டிரன்னியனுக்கு எந்த கிரீஸ்? (தாம்பரம் வாசகர்)

முன்சக்கரம் திரும்பும் அந்த மூட்டுக்கு கிரீஸே கூடாது. 90 கியர் ஆயில். வண்டலூரில் பிறந்த வண்டியை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க்காரரே இதைக் கேட்கலாமா? கிரீஸ் அடித்த டிரன்னியன் ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கும்.

பத்மினி ஹெட்லைட் மங்கல். எல்இடி போடட்டுமா? (தஞ்சை வாசகர்)

வேண்டாம். மின்சாரம் வழியிலேயே குறைந்துபோவதால்தான் மங்கல். பீங்கான் ஃப்யூஸ்களின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் ரிலேயைத் தனித்தனியாகப் போடுங்கள். சில நூறு ரூபாய்தான்.