இன்பாக்ஸுக்கு உத்தரவாதம் விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்துக்குச் சொந்த டொமைன் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மாதாந்திர மடல் பெரும்பாலும் ஸ்பேமில் விழுகிறது. ‘எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் அமைத்துத் தருகிறோம், நூறு சதவீதம் இன்பாக்ஸ் உத்தரவாதம்’ என்று ஒருவர் வருடச் சந்தா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அமைப்பது உண்மையான வேலைதான். உத்தரவாதம்தான் பொய். மடல் இன்பாக்ஸுக்குப் போவதா ஸ்பேமுக்குப் போவதா என்பதை ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற பெறும் தரப்பு முடிவு செய்கிறது. அந்த முடிவை வெளியாள் யாரும் விற்க முடியாது.

இந்த மூன்றும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் (டொமைனுக்கான பொதுப் பதிவேடு) பக்கத்தில் சேர்க்கும் சில வரிகள். சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது. டிகிம், மடலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து. இரண்டில் ஒன்றாவது தேறி, அது ‘அனுப்புநர்’ இடத்தில் தெரியும் டொமைனோடும் பொருந்துகிறதா என்று டிமார்க் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்று பெறுபவருக்குச் சொல்கிறது. விஷயம் தெரிந்தவருக்கு ஒருமுறை கூலி கொடுத்து இதைச் செய்துகொள்ளலாம். வருடா வருடம் எதற்கு?

பலரும் தடுக்கி விழுவது அந்தப் பொருத்தத்தில்தான். மொத்த மடல் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி அப்படியே அனுப்பினால், பல சமயம் அது தன் டொமைன் பெயரில் கையெழுத்துப் போட்டுவிடும். எஸ்பிஎஃப் தேறும், டிகிம் தேறும், டிமார்க் மட்டும் தோற்கும். தேறியவை அந்தச் சேவையின் பெயரில், மடலில் தெரிவது உங்கள் பெயர்! ஆகவே பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “என் டொமைன் பெயரிலேயே டிகிம் கையெழுத்து வருமா, எந்தத் திட்டத்தில்?” நேரான பதில் வராவிட்டால் வேறு சேவையைப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவை சேரும்போது இரண்டாவதாக ஒன்று போட்டால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்கப் பெறும் தரப்பு டிஎன்எஸ்ஸில் பத்து முறைக்கு மேல் தேட வேண்டிவந்தால் அதுவும் பிழைதான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் மடல் ஸ்பேமுக்குப் போகலாம். ‘இது இவர் அனுப்பியதுதான்’ என்று மட்டுமே இவை நிரூபிக்கும். அனுப்பியவரை மக்கள் விரும்புகிறார்களா என்பது வேறு கணக்கு.

கேள்வி: நாங்கள் ஒரு நாளைக்குச் சில நூறு மடல்களே அனுப்புகிறோம். மொத்தமாக அனுப்புவோருக்கு ஜிமெயில் போன்றவை வைத்த விதிகள் நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால்தானே?

பதில்: முழு விதிகள் அவர்களுக்குத்தான். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் தொடங்கின (யாஹூ மட்டும் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை), 2025 மே மாதம் அவுட்லுக்கும் சேர்ந்தது. ஆனால் ஜிமெயிலைப் பொறுத்தவரை எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்று எல்லோருக்குமே கட்டாயம். சப்டொமைன்களில் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளைப் பெயர்கள்) அனுப்புவதும் முதன்மை டொமைன் கணக்கில்தான் சேரும். ஒருமுறை அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால், பிறகு குறைத்தாலும் மொத்த அனுப்புநர் என்ற வகையிலிருந்து ஜிமெயில் உங்களை எடுக்காது. ஒரு பண்டிகைத் தள்ளுபடி மடல் போதும், அங்கே போய்விடலாம். இப்போதே மூன்றையும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: டிமார்க்கை ‘ரிஜெக்ட்’ (பொருந்தாத மடலை ஏற்காதே) என்று வைத்தோம். இப்போது பில் ரசீதுகள் சிலருக்குப் போய்ச் சேரவில்லை.

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். ரசீது அனுப்பும் மென்பொருள் உங்கள் பெயரில், ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இப்போதைக்கு ‘நன்’ (none, எதுவும் செய்யாதே) நிலைக்கு இறக்குங்கள். மொத்த அனுப்புநருக்கான விதிக்கும் அதுவே போதும். டிமார்க் வரியில் ஒரு முகவரி கொடுத்தால், உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கை இலவசமாக வரும். படிக்கக் கண்ணைக் கட்டும் கோப்பு அது. பிரித்துக் காட்டும் கருவிகள் உண்டு, சிறியவர்களுக்கு இலவசத் திட்டமே போதும். சில வாரம் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சரிசெய்துவிட்டு ‘குவாரன்டைன்’ (ஸ்பேமில் போடு), அப்புறம் ‘ரிஜெக்ட்’.

கேள்வி: மடலுக்குப் பக்கத்தில் எங்கள் லோகோ தெரிய சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: பிமி என்ற ஏற்பாடு அது. ஜிமெயிலில் பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் வர, பதிவு செய்த வணிக முத்திரையும் விஎம்சி என்ற சான்றிதழும் வேண்டும். முத்திரை பதிவாகாதவர்களுக்கு 2024 முதல் சிஎம்சி என்ற எளிய வகை உண்டு. லோகோ வரும், டிக் வராது. இரண்டுக்குமே டிமார்க் ‘குவாரன்டைன்’ அல்லது ‘ரிஜெக்ட்’ நிலையில் இருந்தாக வேண்டும். இது அலங்காரம், ஸ்பேமுக்கு மருந்து இல்லை. உங்கள் பெயரில் போலி மடல்கள் சுற்றும் அளவுக்குப் பெரிய பிராண்டாக இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: மடல் அனுப்பும் சர்வருக்கு, மற்றவர்களோடு பகிராத தனி ஐபி முகவரி (இணையத்தில் அதன் எண்) வாங்கலாமா?

பதில்: தினமும் சீராக நிறைய அனுப்புபவர்களுக்கு மட்டும். மாதம் ஒருமுறை அனுப்புபவரின் தனி ஐபிக்கு நல்ல பெயரே உருவாகாது.

கேள்வி: அதே விற்பனையாளர், முகவரிப் பட்டியலும் விலைக்குத் தருகிறேன் என்கிறார்.

பதில்: அவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். கேட்காதவருக்கு மடல் போனால் அவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அந்தப் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரத்தில் மூன்று பேர் போதும். இப்படிப்பட்ட பட்டியல்களில், ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கப் பொறியாக வைத்த முகவரிகளும் கலந்திருக்கலாம். உங்கள் விகிதத்தை கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். ஏற்கெனவே உயர்ந்திருந்தால், நெடுநாளாக மடலைத் திறக்காதவர்களைப் பட்டியலிலிருந்து எடுங்கள், ஒரே கிளிக்கில் விலகும் வசதியை வையுங்கள், விலகியவர்களை இரண்டு நாளுக்குள் நீக்குங்கள்.