திருச்சியில் ஆற்றோரமாக ஒரு நீண்ட வட்டம்: கேள்வி பதில்

காவிரி, கொள்ளிடம் கரையோரமாக நெடுந்தூரம் ஓட வழி கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: அண்ணா, போன வழியே திரும்பாமல் ஆற்றைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓட ஆசை. மேப்பில் எங்கிருந்து தொடங்குவது?

பாலத்திலிருந்து தொடங்குங்கள் தம்பி. சாலைகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆற்றைக் கடக்கும் இடங்களை மட்டும் குறியுங்கள். மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை. நடுவில் திருச்சியையும் திருவரங்கத்தையும் சேர்க்கும் பாலங்கள். இந்த மூன்றுக்கும் இடையில் ஆற்றைக் கடக்க வழி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் கல்லணைப் பக்கம் மறுபடி காவிரியை நெருங்குகிறது. இடையில் கிடக்கும் நீளமான தீவுதான் திருவரங்கம். அதனால் ஊர் நடுவில் முடிச்சுப் போட்ட மாதிரி இரண்டு வட்டங்கள் தாமாகவே கிடைக்கின்றன.

மேற்கு வட்டம் இப்படி: சிந்தாமணியில் புறப்பட்டு கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக முக்கொம்பு. அங்கே இரண்டு ஆறுகளையும் கடந்து வாத்தலை. பிறகு நாமக்கல் சாலையில் நொச்சியம், நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடப் பாலம், திருவானைக்காவல், கடைசியாகக் காவிரிப் பாலம். ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் வரும். முக்கொம்பில் பாலம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் உடைந்து, மேலிருந்த பாலமும் சேர்ந்து விழுந்தது. அது அடைபட்டால் வட்டம் இல்லை, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கே: எந்தத் திசையில் சுற்றுவது நல்லது, சார்?

வலஞ்சுழியாக. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் சாலையின் வலது ஓரம் ஓட வேண்டும். தென்கரையில் மேற்கே போகும்போது வலது ஓரம்தான் ஆற்றுப் பக்கம். வடகரையில் கிழக்கே திரும்பும்போதும் அப்படியே. லாரி ஓடும் கரூர் சாலையைக் குறுக்கே தாண்டும் வேலை மிகவும் குறையும்.

காற்றும் இதற்குத்தான் ஒத்துவரும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கால் புதிதாக இருக்கும் முதல் பாதியில் அதை எதிர்கொண்டால், களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளிக் கொடுக்கும். காலை வெயில் மட்டும் திரும்பும்போது கண்ணில் அடிக்கும், விளிம்பு வைத்த தொப்பி போடுங்கள். மார்கழியில் காற்று மாறி வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அப்போது கிழக்கு வட்டம் ஓடுங்கள், இதே கணக்கு பொருந்தும்.

கே: அந்தக் கிழக்கு வட்டம் எப்படிப் போகிறது? மழைக்காலத்தில் ஓடலாமா?

திருவானைக்காவலில் இருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணை, அங்கே காவிரியைக் கடந்து வேங்கூர், சர்க்கார்பாளையம் வழியாகத் திரும்பலாம். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சுகமான பாதை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உத்தமர்சீலியில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. காவிரியில் வெள்ளம் மிகுந்தால் தண்ணீர் அதன் மேலேறிக் கொள்ளிடம் பக்கம் பாயும். பார்க்கக் கணுக்கால் அளவுதான் என்று தோன்றும், இழுப்பு கால் வைத்தால்தான் தெரியும். வைக்காதீர்கள், திரும்பிவிடுங்கள். ஐப்பசி மழை மட்டும் கணக்கில்லை. மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களின் நீர்திறப்புச் செய்தியைப் பாருங்கள்.

கே: அண்ணே, பாதியில் முடியாமல் போனால்?

மேற்கு வட்டத்தில் பயமில்லை. தென்கரையில் கரூர் பஸ், வடகரையில் முசிறி, நாமக்கல் பஸ். தென்கரையை ஒட்டி ஈரோடு ரயில் பாதையும் போகிறது, ஜீயபுரத்தில் ஸ்டேஷன் உண்டு. கிழக்கே பஸ் குறைவு. கல்லணையில் ஒரு நண்பரை வண்டியோடு நிற்கச் சொல்லுங்கள்.

கே: குடிக்க என்ன எடுத்துப் போவது? இளநீர் போதுமா?

போதாது தங்கச்சி. இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் அதில் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் அதைவிட நல்லது. ஓஆர்எஸ் என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள், கண்ணளவில் கலக்க வேண்டாம். வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், குமட்டும். அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் குடிப்பது ஆபத்து.

கே: இதுவரை 21 கி.மீ.தான் ஓடியிருக்கிறேன். நேராக மேற்கு வட்டம் போகலாமா?

இப்போது வேண்டாம். முக்கொம்பு வரை ஓடி பஸ்ஸில் திரும்புங்கள். இன்னொரு வாரம் வாத்தலையிலிருந்து டோல்கேட் வரை ஓடிப் பாருங்கள். இரண்டு கரையும் பழகியபின் சேர்த்து ஓடலாம். ஆடிப்பெருக்கு, வைகுண்ட ஏகாதசி நாட்களைத் தள்ளிவையுங்கள், பாலத்தில் நடக்கவே இடம் இருக்காது.