பட்டறை பதில்கள்: கழல மறுக்கும் நாலு கார்புரேட்டர்

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் மோட்டார் சைக்கிள். 2002ல் பதிவானது. அப்பா தவறிய பிறகு ஏழு மாதம் புளோக்குக்குக் கீழே சும்மா நின்றது. இப்போது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்தால் ஓடுகிறது, சோக்கைத் தள்ளினால் அணைந்துவிடுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று நண்பன் வீட்டு முன்வாசலில் வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை போராடிவிட்டேன். கிளாம்பெல்லாம் தளர்த்தியும் நாலும் அசையவே இல்லை. ஒரு கிளாம்ப் ஸ்குரூவின் தலையும் தேய்ந்துவிட்டது. பெரிய திருப்புளியை இடையில் விட்டு நெம்பு என்கிறான் நண்பன். சிங்கப்பூர் விதிப்படி 2028ல் நிறுத்தப்போகும் வண்டிக்கு இத்தனை பாடா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— வாசகர், யீஷூன்

பதில்: முதலில் அந்தத் திருப்புளியை எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள், தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

1983ல் நான் வேலை பழகிய பட்டறையில் இதே மாதிரி ஒரு நாலு சிலிண்டர் வண்டி வந்தது. எனக்கு வயது பத்தொன்பது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும் என்று இரண்டாவது கார்புரேட்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் திருப்புளியை நுழைத்து நெம்பினேன். வந்துவிட்டது. வெளிப்பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுத்தம் செய்து மாட்டி வண்டியையும் கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில் அந்த வாடிக்கையாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கார்புரேட்டர்களை இணைக்கும் சின்னப் பெட்ரோல் குழாயில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கி, சொட்டுச் சொட்டாகச் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் விழுந்துகொண்டிருந்தது. தீப்பிடிக்கவில்லை என்பது அவருடைய நல்ல காலம். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நாலு கார்புரேட்டரும் ஒரே கட்டையாகத் தெரிந்தாலும், மெல்லிய தகடும் சில ஸ்குரூவும்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஓரத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் முழு வரிசையும் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் நெம்பாதீர்கள் என்கிறேன்.

உங்கள் வண்டியில் கார்புரேட்டரைப் பிடித்துவைத்திருப்பது ரப்பர். இன்ஜின் பக்கம் நாலு, காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸ் பக்கம் நாலு. இருபது வருடத்துக்கு மேல் இன்ஜின் சூட்டிலும் பெட்ரோல் ஆவியிலும் வெந்து, நெகிழ்வெல்லாம் போய், கார்புரேட்டர் வாயைச் சுற்றி இறுகிப்போயிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாது. நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியது இந்த ரப்பரோடு. ரப்பருக்குச் சூடு கொடுத்தால் இளகும், வலு கொடுத்தால் கிழியும்.

டேங்க்கை இறக்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுல் நாலின் அடியிலும் இருக்கும் வடிகால் ஸ்குரூவைத் திறந்து பழைய பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடியுங்கள். ஏழு மாதப் பெட்ரோல் பழுப்பேறி வார்னிஷ் வாசனை அடிக்கும். உங்கள் வண்டி சோக்கில் மட்டும் ஓடக் காரணமும் அதுதான். அது காய்ந்து, குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளையை அடைத்திருக்கும். டப்பாவை மூடித் தூரமாக வையுங்கள். வாசல் திறந்தவெளியாக இருப்பது நல்லது. புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம். யாராவது சிகரெட்டோடு நடந்து போனால் போதும்.

கைப்பிடி ஆக்சிலேட்டரிலிருந்து வரும் த்ராட்டில் கேபிள் இரண்டும் சோக் கேபிளும் இப்போதே முழுக்கக் கழல இடம் இருக்காது. நட்டைத் தளர்த்தி மட்டும் விடுங்கள். கார்புரேட்டர் வெளியே வந்த பிறகு, கையில் திருப்பிப் பிடித்து முனையைக் கழற்றுவது சுலபம். த்ராட்டில் சென்சாரின் கனெக்டர் இருந்தால் அதைக் கண்டிப்பாக முதலிலேயே பிரித்துவிடுங்கள். ஒயரோடு இழுத்தால் அறுந்துபோகும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் ஸ்குரூ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். மாட்டும்போது அது வேறு பக்கம் திரும்பிவிட்டால் திருப்புளி எட்டாது.

தேய்ந்த ஸ்குரூவுக்கு வருகிறேன். ஜப்பான் வண்டியின் கூட்டல் குறித் தலை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தது. கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது, திருகத் திருக மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்குங்கள். பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவருக்கு அது வாழ்நாள் முழுக்க உழைக்கும். தேய்ந்துபோனதை வைஸ் கிரிப் என்ற பூட்டிக்கொள்ளும் குறடால் தலையோடு கவ்வித் திருகுங்கள், வந்துவிடும். கிளாம்ப்பை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இனி முக்கியமான இடம். கிளாம்ப் எட்டையும் தளர்த்தி, ரப்பரை விட்டு நகரும் அளவுக்குத் தள்ளிவிடுங்கள். பாதி தளர்ந்த கிளாம்ப் ஒன்றே போதும், நாலையும் பிடித்துவைக்க. பலர் தோற்பது இங்கேதான். அடுத்து ஏர் பாக்ஸ் போல்ட்டுகளைக் கழற்றி அதைப் பின்னால் தள்ளுங்கள். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் போதும். கார்புரேட்டர் வெளியேற ஓர் இடைவெளி வேண்டாமா? அந்த இடைவெளி இல்லாமல் எத்தனை பலசாலி இழுத்தாலும் வராது. நீங்கள் இரண்டு ஞாயிறும் இதைச் செய்யாமல்தான் இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சூட்டுக்கு ஹேர் டிரையர் என்று பலர் சொல்வார்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் மின்கம்பி சிவக்கும் கருவியை நான் கொண்டுபோவதில்லை. என் வழி வெந்நீர்த் துணி. கொதிக்கும் நீரில் பழைய பனியன் துணியை நனைத்து, இடுக்கியால் எடுத்துப் பிழிந்து, இன்ஜின் பக்க ரப்பர் நாலின் மேலும் சுற்றிவிடுங்கள். ஆறினால் மாற்றுங்கள். நாலைந்து முறை. ரப்பர் இளகியதும் கார்புரேட்டர் வாய்க்கும் ரப்பருக்கும் இடையில் சிலிகோன் ஸ்பிரே அடியுங்கள். இல்லையென்றால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

அப்புறம் வண்டியின் ஒரு பக்கம் நின்று, முதல் கார்புரேட்டரையும் நாலாவதையும் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். மேல், கீழ், மேல், கீழ். பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு ஒரு முனையில் ‘சுக்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அப்படியும் வரவில்லையென்றால் சுத்தியலின் மரப்பிடியை வைத்துத் தள்ளலாம். மரம் படும் இடம் கார்புரேட்டர் உடம்பின் தடித்த வார்ப்பாக இருக்கட்டும். ஃப்ளோட் பவுல், பெட்ரோல் குழாய், த்ராட்டில் இணைப்புக் கம்பி இவற்றின் மேல் படவே கூடாது. இடம், வலம் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

வெளியே வந்ததும், மற்ற வேலைக்கு முன்னால், இன்ஜினின் நாலு வாயிலும் சுத்தமான துணியைச் செருகுங்கள். வால்வு திறந்து நிற்கும் சிலிண்டரில் ஒரு சின்ன வாஷர் விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். நாலு துணி வைத்தால் நாலும் திரும்ப வெளியே வர வேண்டும், எண்ணிக்கொள்ளுங்கள்.

நாலையும் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். வரிசையாக இருக்கும்போதே பவுலைக் கழற்றி ஜெட்டை எடுக்கலாம். பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், கார்ப் கிளீனரும் காற்றும் போதும். ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் நாலையும் மாற்றுங்கள். பழையதையே வெந்நீரில் போட்டு மாட்டினால் மாட்டிக்கொள்ளும்தான், ஆனால் வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் ஐடில் வேகம் ஏறி இறங்கும். மாட்டும்போது இன்ஜின் பக்கம் முதலில். கடைசியாக, கார்புரேட்டரின் உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் வேக்கம் கேஜ் வைத்திருக்கும் பட்டறையில் நாலையும் சமன் செய்துகொள்ளுங்கள். காக்கி புக்கிட் பக்கம் கேட்டால் கிடைக்கும்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது, உண்மைதான். அதுவரை வருடா வருடம் பரிசோதனையில் புகையையும் அளப்பார்கள். அழுக்குக் கார்புரேட்டரோடு போனால் வண்டி அதற்கு முன்பே நின்றுவிடும். உங்கள் அப்பா அந்த வண்டியை 2028 வரை ஓட்டியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் ஓட்டுங்கள். இந்த வேலைக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள், மழை இல்லாத நாளாக.

கேள்வி: ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கப்போகிறேன். என் 200 சிசி கார்புரேட்டர் வண்டியை எப்படி விட்டுப்போவது?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: டேங்க்கை நிறைத்துவிடுங்கள். பாதி டேங்க் என்றால் இங்குள்ள ஈரக் காற்றில் உள்ளே துருப் பிடிக்கும். பெட்ரோல் டேப்பை மூடி, பவுலின் வடிகால் ஸ்குரூவைத் திறந்து வடித்துவிட்டு மூடுங்கள். டேப்பை மூடிவிட்டு அணையும்வரை ஓடவிட்டாலே போதும் என்பார்கள். அப்போதும் பவுலின் அடியில் கொஞ்சம் மிஞ்சும், காய்ந்து ஜெட்டை அடைப்பது அந்தக் கொஞ்சம்தான். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றிவிட்டுப் போங்கள்.